தாடை எலும்பு சொன்ன வயது

டெக்சாஸ், மேசன் வட்டாரத்திலிருந்து:

வெண்வால் மான்களுக்காக நிலத்தைப் பராமரிப்பவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதலாம் என்று கேட்டிருந்ததால், முதல் ஆண்டில் நான் செய்த பிழையிலிருந்தே தொடங்குகிறேன். ஆஸ்டினில் வேலை பார்க்கும் நான், மேசனுக்கு அருகே எழுபது வயதைக் கடந்த ஒருவரின் 200 ஏக்கரை மூன்று நண்பர்களோடு சேர்ந்து வேட்டைக் குத்தகைக்கு எடுத்தேன். நவம்பர் இரண்டாம் வாரத்தில், பெண்மான் ஒன்றைத் துரத்திக்கொண்டு திறந்தவெளிக்கு வந்த ஆண்மானின் கொம்பில் எட்டுக் கிளைகளைக் கண்டதும், வேறெதையும் கவனிக்காமல் சுட்டுவிட்டேன்.

நிலக்காரர் வந்து கொம்பைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கன்னத்தைக் கீறிக் கீழ்த்தாடையைத் திறந்து, கடைவாய்ப் பற்களைத் துணியால் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். முதல் கடைவாய்ப் பல்லின் முகட்டில், வெண்ணிற எனாமலுக்கு நடுவே ஓடும் பழுப்புக் கோடு எனாமலைவிட மெலிந்திருந்தது. அந்தக் கோடு எனாமலைவிட அகன்றிருந்தால் மூன்றரை வயது, இரண்டாம் பல்லிலும் அகன்றிருந்தால் நான்கரை, மூன்றாவதிலும் அகன்றிருந்தால் ஐந்தரை என்பது இங்குள்ளோர் கணக்கு. (குட்டிகள் கோடைத் தொடக்கத்தில் பிறப்பதாலும் வேட்டை நவம்பரில் நடப்பதாலும் எப்போதும் அந்த அரை வந்து ஒட்டிக்கொள்கிறது.) நான் சுட்டது இரண்டரை வயது மான். ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக முளைக்கும் இந்தக் கொம்பு, ஐந்தரை வயதுக்குமேல்தான் அதன் முழு வளர்ச்சியை எட்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அதன்பின் கொம்பை விட்டு உடலைப் பார்க்கப் பழகினேன். ஒன்றரை வயது ஆண்மான், கொம்பு வைத்த பெண்மானைப் போல நெடுங்காலும் மெல்லிய கழுத்துமாக இருக்கும். மூன்றரையில் பந்தயக் குதிரையின் கட்டு தெரியும். ஐந்தரையைத் தாண்டியதற்கு இனச்சேர்க்கைப் பருவத்தில் கழுத்து வீங்கி மார்போடு ஒன்றாகி, வயிறு தொங்கி, கால்கள் குட்டையானவை போலத் தோன்றும். சொல்வது எளிது. அந்தி வெளிச்சத்தில், கை நடுங்கும்போது, இவற்றில் ஒன்றும் நினைவுக்கு வராது.

ஆனால் இளம் ஆண்மான்களைச் சுடாமல் விட்டால் போதும் என்று நாங்கள் நினைத்ததுதான் அதைவிடப் பெரிய பிழை. இரண்டாம் ஆண்டு ஆகஸ்டில் இரவு விளக்கடித்து எண்ணியபோது 43 மான்கள் தென்பட்டன. அவற்றில் 29 பெண், 7 ஆண், மீதி குட்டிகள். ஐந்து ஏக்கருக்கு ஒரு மான் என்பது அந்த நிலத்தால் தாங்கக்கூடியதே அன்று. நூல் பிடித்து வெட்டியதைப்போல எல்லா மரங்களிலும் மார்பளவு உயரம்வரை இலையே இல்லாததால், குனிந்து பார்த்தால் மறுபக்க வேலி தெரிந்தது. மான்கள் விரும்பித் தின்னும் டெக்சாஸ் ஓக்கின் இளங்கன்று ஒன்றுகூட இல்லை. அவை கடைசியாகத்தான் வாய்வைக்கும் ஜூனிப்பர் மட்டும் (இங்கே அதைச் சீடர் என்பார்கள்) செழித்திருந்தது. நிலக்காரரின் அறுபது ஆடுகளும் அதே இலைகளைத்தான் மேய்ந்தன.

கொம்பு வளரும் கோடையில் தீவனத்தில் 16 விழுக்காடு அளவுக்குப் புரதம் வேண்டும். நாங்கள் தானியங்கிக் கருவியில் கொட்டிய மக்காச்சோளத்தில் அதில் பாதியளவே இருக்கிறது. மானை வரவழைக்குமே தவிர வளர்க்காது. ஆகவே ஆடுகளை விற்கச் செய்து, ஜூனிப்பரைப் பகுதி பகுதியாக வெட்டி, மறைவுக்குத் தேவையான புதர்களை விட்டுவைத்து, இரண்டு பருவங்களில் 17 பெண்மான்களை உரிமத்துக்கு உட்பட்டுச் சுட்டோம். பெண்மானைச் சுட என் மனம் எளிதில் ஒப்பவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் முதலில் சுட்டதைக் கிழித்தபோது, குளிர்காலம் வரவிருக்கும் நேரத்தில் அதன் சிறுநீரகத்தைச் சுற்றிக் கொழுப்பே இல்லாததைப் பார்த்தபின் அந்தத் தயக்கம் பெரும்பாலும் நீங்கிவிட்டது.

இன்னொன்று. ஒரு மாலை, ஓடைக்கரை ஓக் மரத்தடியில் பதினைந்து புள்ளிமான்கள் நின்றன. ஐஐடி வளாகத்தில் நான் நாள்தோறும் பார்த்த அதே மான்கள். 1930களில் இங்கே கொண்டுவரப்பட்டு வேலி தாண்டிப் பெருகிவிட்டவை. ஒரு கணம் ஊருக்கே போய்விட்டதைப் போலிருந்தது. ஆனால் இலை தீர்ந்தால் புள்ளிமான் புல்லைத் தின்று பிழைக்கும், வெண்வால் மானால் அது முடியாது. எங்களுக்குத் தெற்கே உள்ள கெர் வட்டாரத்தில் அரசு வனவிலங்கு ஆய்வு நிலத்தில், 1971இல் வெண்வால் மான்களையும் அதேபோல் புல்லுக்கு மாறவல்ல ஜப்பானிய சிகா மான்களையும் ஒரே வேலிக்குள் விட்டார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வெண்வால் மான் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எனவே எங்கள் நிலத்தில் நம் ஊர் விருந்தாளிக்குச் சலுகை கிடையாது. அதற்கு இங்கே வேட்டைப் பருவக் கட்டுப்பாடும் இல்லை.

பென்சில்வேனியாவிலிருந்து:

எங்கள் மாநிலத்தில் 2002இல் கொம்புக் கட்டுப்பாடு வந்தது; பெரும்பாலான பகுதிகளில் ஒரு பக்கத்தில் குறைந்தது மூன்று கிளை இல்லாத ஆண்மானைப் பெரியவர்கள் சுடக்கூடாது. அதற்கு முன் சுடப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒன்றரை வயதானவையே என்று பழைய வேட்டைக்காரர்கள் சொல்வார்கள். நான் பார்த்த மாற்றம் காட்டுத் தரையில்தான். மான்கள் புகாதபடி வேலியிட்ட காட்டுத் துண்டுக்குள் மேப்பிள், ஓக் கன்றுகள் இடுப்பளவு நிற்க, வேலிக்கு வெளியே கண்ணுக்கெட்டியவரை பெரணி மட்டுமே படர்ந்திருந்தது. மேசன் நண்பரிடம் ஒரு கேள்வி: ஒன்றரை வயதில் ஆண்மான்கள் பிறந்த இடத்தை விட்டு வெளியேறிவிடுமே, 200 ஏக்கரில் நீங்கள் விட்டுவைப்பவை பக்கத்து நிலத்தில் சுடப்படாதா?

மேசன் வட்டாரத்திலிருந்து, மறுமொழியாக:

சுடப்பட்டன. மூன்றாம் ஆண்டுவரை எங்கள் உழைப்பில் பாதி பக்கத்து நிலத்தாரின் சுவரில்தான் தொங்கியது. பிறகு நிலக்காரரே இரண்டு அண்டை வீட்டாரையும் மதிய உணவுக்கு அழைத்து, மூவருமாக நான்கரை வயதுக்குக் கீழே தொடுவதில்லை என்று பேசி முடித்தார். எழுத்தில் ஒன்றுமில்லை, ஒவ்வொரு பருவ முடிவிலும் தாடை எலும்புகளைக் கொண்டுவந்து ஒரே மேசையில் பரப்பிவைத்துப் பார்க்கிறோம், அவ்வளவே.

இடது காது கிழிந்த ஆண்மான் ஒன்று மூன்று நிலங்களின் கேமராக்களிலும் நான்கு ஆண்டுகளாக வருகிறது. சென்ற நவம்பரில் எண்பது அடித் தொலைவில் நின்றது; வயிறு இன்னும் தொங்கவில்லை என்று எனக்குத் தோன்றியதால் விட்டுவிட்டேன். பிப்ரவரியில் அதன் உதிர்ந்த வலக்கொம்பு ஓடையோரம் கிடைத்தது. இடக்கொம்பு பக்கத்து நிலக்காரரிடம் இருக்கிறது, தர மறுக்கிறார்.