பல்சரில் ஒயில் சூடு மீட்டர்: சென்சரை எங்கே பூட்டுவது?

அண்ணன்மாரே, தம்பிமாரே, வணக்கம். இடம் ஹட்டன், வண்டி பல்சர் 150 மோட்டார் சைக்கிள். கம்பளையிலிருந்து ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு, பின் சீட்டில் ஓர் ஆளோடு ஏறும்போது பல இடங்களில் இரண்டாம் கியர்தான். காற்றில் குளிரும் இஞ்சின், மெதுவாக ஏறினால் காற்றும் குறைவு. அதனால் இஞ்சின் ஒயிலின் சூடு காட்டும் மீட்டரும் வோல்ட் மீட்டரும் வாங்கி வீட்டிலேயே பூட்டுகிறேன்.

வோல்ட் மீட்டர் முடிந்தது. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயரில் 2 அம்பியர் பியூஸ் வைத்து இணைத்தேன். இஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் அளவில் நிற்கிறது. ஆனால் சிக்னல் போட்டால் ஒவ்வொரு மினுக்குக்கும் முள் துள்ளுகிறது. எர்த்தை ஹெட்லைட்டுக்குள் இருக்கும் வயரோடு சேர்த்திருக்கிறேன். நேராகப் பெட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோனால் சரியாகுமா?

பெரிய குழப்பம் சென்சர்தான். ஒயில் வடிக்கும் நட்டுக்குப் பதிலாகப் பூட்டுகிற வகை. பழைய நட்டைவிட ஒரு விரல் அளவு கீழே நீட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் தோட்டத்து ரோட்டில் கல் பெயர்ந்து கிடக்கிறது. ஒரு கல் அடித்து சென்சர் உடைந்தால் ஒயில் முழுக்கக் கொட்டி இஞ்சினே போய்விடும். ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் வாஷர் போல வைக்கும் சென்சர் அடிபடாது, ஆனால் அது இஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டின் சூட்டைத்தான் காட்டும். எனக்கு வேண்டியது ஒயிலின் சூடு.

பல்சரில் இதைச் செய்தவர்கள் எங்கே பூட்டினீர்கள்? அடியில் தகடு போட்டீர்களா? அப்புறம், காலைப் பனியில் மீட்டர் கண்ணாடிக்குள் நீர் கோர்க்கிறது. விளிம்பில் சிலிக்கன் பூசினால் போதுமா? ஹட்டன், தலவாக்கலை பக்கம் இந்த வேலை தெரிந்த கராஜ் இருந்தாலும் சொல்லுங்கள். படம் வேண்டுமென்றால் போடுகிறேன்.