முதல் திரைக்கதை: நடிகர் முகம் குறுக்கே வருகிறது, உதவுங்கள்

முதல் திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓய்வுபெறப் போகும் திருநெல்வேலி பஸ் டிரைவர், அவரோடு பேசாத மகள். அப்பா வேடத்துக்குப் பசுபதிதான் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன் (கால்ஷீட் யார் வாங்கித் தருவார்கள் என்று கேட்காதீர்கள்). சிக்கல் என்னவென்றால், 2021இல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’ படத்தில் அவர் நடித்த ரங்கன் வாத்தியாரின் குரலிலேயே எல்லா வசனமும் வருகிறது. அந்த வாத்தியாரோ வடசென்னை! நடிகரை மறந்துவிட்டு எழுத உங்களுக்கு உதவியது எது?

அப்புறம், திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் ஓடும் என்பது ஆங்கிலத்தில் கூரியர் 12 எழுத்துருவுக்கான கணக்கு. இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று தமிழில் எழுதுகிறவர்கள் நேரத்தை எப்படிக் கணிக்கிறீர்கள்? மாதிரிப் பக்கம் இருந்தால் காட்டுங்கள். மகள் வேடத்துக்கும் ஆள் சொல்லலாம், யாருமே பொருந்தவில்லை.