உதவி தேவை: எஸ்எஸ்ஹெச் வழு அறிக்கைகள் எல்லாம் ஒரே வகையில் விழுகின்றன

கட்டளைவரி_கைப்பிள்ளை:
அவசரம். எங்கள் கருவி எஸ்எஸ்ஹெச் (தொலைவில் உள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாகச் சர்வரோடு இணையும். அது பற்றி வந்த 130 அறிக்கைகளை நாளைக்குள் வகை பிரிக்க வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதினேன், ஆனால் முக்கால்வாசி ஒரே கூட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. எப்படிச் சரிசெய்வது?

நீலத்திரை:
எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்? லாக் இருக்கிறதா?

பாக்கெட்_பித்தன்:
எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. விபிஎன்னில் இருப்பவர்களுக்குச் சின்ன பாக்கெட் போகும், பெரியது போகாது, கீ பரிமாற்றத்தில் (இரு முனையும் ரகசியச் சாவியை ஒத்துக்கொள்ளும் படி) அப்படியே நிற்கும். பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

நீலத்திரை:
அவர் கேட்டது வகை பிரிப்பது பற்றி.

கட்டளைவரி_கைப்பிள்ளை:
எக்சிட் கோடு, அதாவது கட்டளை முடியும்போது தரும் எண், அதை வைத்துத்தான். வேறு எதை வைத்துப் பிரிப்பார்கள்?

மூத்தகுடி:
மேனுவல் பக்கத்தின் கடைசியைப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. எஸ்எஸ்ஹெச் தன் பக்கம் எது தவறினாலும் 255 தான் தரும், மற்றபடி வருவது எதிர்முனையில் ஓடிய கட்டளையின் எண். கர்ல் (இணைய முகவரியிலிருந்து தரவு எடுக்கும் கட்டளை) என்றால் 6 பெயர் கிடைக்கவில்லை, 7 இணைய முடியவில்லை, 28 நேரம் முடிந்தது என்று தனித்தனியாகச் சொல்லும். எல்லாமே கர்ல் ஆகிவிடாது தம்பி.

நீலத்திரை:
தொனியை விடுங்கள், விஷயம் சரிதான். இணைப்பு எந்தப் படியில் செத்தது என்று பாருங்கள். பெயரே கிடைக்காதது ஒன்று. டிசிபி படியில், அதாவது இரு கணினிகளும் முதலில் இணையும் இடத்தில், 'ரெஃப்யூஸ்டு' என்றால் போர்ட் மூடியிருக்கிறது என்று பதிலாவது வந்திருக்கிறது, 'டைம்டு அவுட்' என்றால் பதிலே இல்லை, பெரும்பாலும் ஃபயர்வால் விழுங்கியிருக்கும்; இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். அப்புறம் கீ பரிமாற்றம், ஹோஸ்ட் கீ (சர்வரின் அடையாளச் சாவி) சரிபார்ப்பு, 'பர்மிஷன் டினைடு', கடைசியாக உள்ளே போய்ப் பாதியில் அறுந்தது. மைனஸ் வி (ஒவ்வொரு படியையும் விரிவாகக் காட்டச் சொல்லும் தேர்வு) போட்ட லாகில் 'கனெக்‌ஷன் எஸ்டாப்ளிஷ்டு' வரி இருந்தால் டிசிபி தாண்டிவிட்டது. 'நோ மேட்சிங் ஹோஸ்ட் கீ டைப்' என்று வந்து, எதிர்முனை எஸ்எஸ்ஹெச்-ஆர்எஸ்ஏ மட்டும் காட்டினால் அது பழைய சர்வர். 2021இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.8 அந்தக் கையொப்ப முறையை இயல்பாகவே அணைத்துவிட்டது. உங்கள் கருவியின் பிழை இல்லை.

சொல்வேட்டை:
பிழை வேறு, வழு வேறு. திரையில் தெரிவது பிழைச் செய்தி. நிரலில் இருப்பது வழு.

மூத்தகுடி:
இருபது வருடமாக 'பக்' என்றுதான் சொல்கிறேன், ஒன்றும் குறையவில்லை.

சொல்வேட்டை:
நன்னூலே வழுவை ஏழாகப் பிரித்து வைத்திருக்கிறது, திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. அவருக்கும் ஏழு வகை போதும்.

மூத்தகுடி:
ஃபயர்வால் விழுங்கியது எதில் வரும், விடை வழுவிலா?

சொல்வேட்டை:
கேள்விக்குப் பதிலே வரவில்லையே, கிட்டத்தட்ட அதேதான்.

நீலத்திரை:
லாக் எங்கே? எந்த ஓஎஸ், எந்தப் பதிப்பு? எத்தனை பேர் மைனஸ் வி போட்டு அனுப்பியிருக்கிறார்கள்?

கட்டளைவரி_கைப்பிள்ளை:
நன்றி, பிரிந்துவிட்டது. டைம்டு அவுட்தான் அதிகம். எம்டியூ மாதிரி 2 தான். 9 எதிலும் சேரவில்லை. கிளம்புகிறேன்.

நீலத்திரை:
அந்த 9இன் லாகையாவது போட்டுவிட்டுப் போங்கள்.

பாக்கெட்_பித்தன்:
அந்த ஒன்பதும் எம்டியூ.