கிணறு இறைத்த அனுபவம் உள்ளவர்கள் உதவுவீர்களா?

வணக்கம் உறவுகளே. 2004 சுனாமியின்போது எனக்கு எட்டு வயது. மட்டக்களப்புக் கரையோரத்தில் எங்கள் கிணறெல்லாம் உப்பும் சேறும். முகாமுக்குப் பவுசரில்தான் தண்ணீர் வரும். நிவாரண வேலைக்கு வந்த ஒரு அக்கா சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து, மாத்திரை போட்டு, இளஞ்சிவப்பு நிறம் வந்த பிறகுதான் எங்களைக் குடிக்க விடுவார். குளோரின் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த நிறம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்த அக்காவை நினைத்துத்தான் இப்போது ஊர்ப் பொடியன்கள் பத்துப் பேரைச் சேர்த்திருக்கிறேன். வெள்ளம் வடிந்ததும் கிணறுகளைத் துப்புரவாக்கப் பழகுகிறோம். குளோரின் கலந்து அரை மணி நேரம் கழித்து லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் மிஞ்ச வேண்டும், அது பிடிபட்டுவிட்டது. இறைப்பதில்தான் பயம். எங்கள் மணல் நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே படையாக நிற்கிறது. மோட்டர் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறிவிடும்.

சுனாமிக்குப் பிறகு கிணறு இறைத்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்: எவ்வளவு நேரம் இறைத்தீர்கள், எப்போது நிறுத்தினீர்கள்? உவர்ப்பு அளக்கும் மீற்றர் ஒன்று இரவலாகக் கிடைத்தாலும் பெரிய உதவி. ஐப்பசி மழைக்கு முன் பழகிவிட வேண்டும்.