மறு: டெட் ப்ளோ ஹாமர் – "துள்ளாச் சுத்தியல்" என்றால் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

டெட் ப்ளோ ஹாமர் என்ற, அடித்தபின் துள்ளாத சுத்திக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை முழுக்கப் படித்தேன். பெயரைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம், கருவி என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம்தான் பேசியிருக்கிறோம். அங்கிருந்து தொடங்கினால் சொல் தானாக வரும் என்று நினைக்கிறேன்.

சாதாரண இரும்புச் சுத்தியால் இரும்பை அடித்தால் சுத்தி மேலே எகிறும். அடிபட்ட இடமும் சுத்தியின் முகமும் ஒரு கணம் அமுங்கி விரிவதால் வருகிற எதிர்விசை அது. டெட் ப்ளோ சுத்தியின் தலை உள்ளே கூடாக இருக்கும், அதில் இரும்புக் குருணைகளோ மணலோ போட்டிருப்பார்கள். ஆட்டிப் பார்த்தால் சலசலவென்று கேட்கும். முழுக்க நிரப்ப மாட்டார்கள், குருணை நகர இடம் வேண்டும். அடி விழுந்ததும் தலையின் வெளி ஓடு முதலில் நிற்கிறது, பின்தங்கி வரும் குருணைகள், ஓடு எகிறப் பார்க்கும் அதே நேரத்தில் முன்பக்கம் மோதி அதை அழுத்திவிடுகின்றன. அவை ஒன்றோடொன்று உரசுவதிலும் ஆற்றல் கரைகிறது. அதனால் சுத்தி அடித்த இடத்திலேயே உட்காருகிறது.

மில்லிங் மெஷினில் (சுழலும் வெட்டுளியால் உலோகத்தைச் செதுக்கும் இயந்திரம்) வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஜாபை, அதாவது செதுக்க வேண்டிய துண்டை, இரண்டு பேரலல் (ஒரே உயரமுள்ள இரும்புப் பட்டைகள்) மேல் வைத்து வைஸை (பிடிப்புக் கருவி) இறுக்கும்போது ஜாப் ஒரு மயிரிழை மேலே தூக்கும். அப்போது இந்தச் சுத்தியால் ஒரு தட்டு, பிறகு பேரலலை விரலால் அசைத்துப் பார்ப்பார்கள். அசைந்தால் இன்னும் உட்காரவில்லை என்று பொருள், மறுபடி தட்ட வேண்டும். இரும்புச் சுத்தி இங்கே உதவாது, துள்ளித் துள்ளி ஜாபில் பள்ளம் போட்டுவிடும், ஜாபும் மறுபடி கிளம்பிவிடும்.

சரி, இதுவரை வந்த பரிந்துரைகள்.

> சாவடிச் சுத்தியல்

டெட் என்றால் சாவு, ப்ளோ என்றால் அடி என்று ஆங்கிலச் சொல்லை அப்படியே பிரித்துப் போட்டது. படிப்பவருக்குச் சுங்கச்சாவடிதான் ஞாபகம் வரும். வேண்டாம்.

> மென்சுத்தியல்

இதை நான் வலுவாக எதிர்க்கிறேன். மென்மை வேறு, துள்ளாமை வேறு. ரப்பர் சுத்தி மென்மையானது, ஆனால் நன்றாகவே துள்ளும். இரும்பு முகம் வைத்த டெட் ப்ளோ சுத்தியும் கிடைக்கிறது, அது மென்மையே இல்லை. ரப்பர், நைலான், பித்தளை, மரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மென்சுத்தியல் என்று வைத்துக்கொள்ளலாம், அந்த இடத்தை அதற்கே விட்டுவிடுவோம்.

> அதிராச் சுத்தியல்

நல்ல சொல்தான், ஆனால் கைக்கு அதிர்வு ஏறாதபடி பிடியை வடிவமைத்த ஆணிச் சுத்திகள் தனியாக இருக்கின்றன. நாளை அவற்றுக்கு இந்தச் சொல் தேவைப்படும்.

என் பரிந்துரை: துள்ளாச் சுத்தியல். வாடாமல்லி போல எதிர்மறைப் பெயரெச்சம், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பட்டறையில் "சுத்தி துள்ளுது" என்று சொல்வது வழக்கம்தானே. "எகிறாச் சுத்தியல்" என்று கேட்ட நண்பருக்கு: அதுவும் சரிதான், ஆனால் விலை எகிறுகிறது, ஆள் எகிறுகிறான் என்று அந்த வினை பல பக்கம் போய்விட்டது.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. கான்கிரீட்டின் வலுவைக் கணிக்கக் கட்டடப் பொறியாளர்கள் ஷ்மிட் சுத்தி பயன்படுத்துவார்கள், இந்தியத் தரம் ஐஎஸ் 13311 இரண்டாம் பகுதி அதற்காக 1992இல் வந்ததுதான், 2020இல் அதன் இடத்துக்கு ஐஎஸ் 516 வந்துவிட்டது. சுருள்வில் தள்ளிவிடும் எடை மோதி எவ்வளவு தூரம் திரும்பி வருகிறது என்பதே அங்கே அளவீடு. அதாவது ஒரு கருவியில் ஒழிக்க வேண்டிய துள்ளல் இன்னொன்றில் படிக்க வேண்டிய எண். எனவே ரீபவுண்டு என்னும் அந்தத் திரும்பலுக்குத் துள்ளல், அதைக் காட்டும் ரீபவுண்டு நம்பருக்குத் துள்ளல் எண் என்று வைத்தால் இரண்டு துறைக்கும் ஒரே வேர்ச்சொல் கிடைக்கும். ஷ்மிட் சுத்தியைத் "துள்ளல் சுத்தியல்" என்றால் துள்ளாச் சுத்தியலோடு குழம்பும், ஆகவே துள்ளல்மானி. அது அளக்கும் கருவிதானே.

கொட்டாப்புளி (மரச்சுத்தி), சம்மட்டி என்று வேலைக்கு ஒரு பெயர் வைத்த மொழி இது, ஒரு புதுச் சுத்திக்கு இடம் கொடுப்பது பெரிய விஷயமில்லை. பதிவுக்கு என் வரைவு:

துள்ளாச் சுத்தியல்: தலைக்குள் தளர்வாகக் குருணை நிரப்பி, அடித்தபின் துள்ளாதபடி செய்த சுத்தியல்.

"குருணை" என்பது அரிசியை நினைவூட்டுகிறது என்றால் "இரவை" (துப்பாக்கி ரவை என்பதில் வரும் சொல்) என்று மாற்றலாம். இது ஒன்றில் மட்டும் எனக்கு உறுதியில்லை, மற்றவர்கள் சொல்லுங்கள்.