பீரோவுக்குப் பின்னால் சுவர் வேர்க்கிறது

கேள்வி: வால்பாறையில் வீடுங்க. ஆடி மழை பிடித்ததிலிருந்து படுக்கையறைச் சுவரில், பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை, காலையில் ஜன்னல் கண்ணாடியில் விரலால் பேர் எழுதலாம். ஒழுகலா, வேர்ப்பா, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 1: ஒரு சாண் பாலிதீன் தாளை நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்க. வெளிப்பக்கம் நனைந்தால் அறைக்காற்றின் ஈரம், சுவர்ப்பக்கம் நனைந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

பதில் 2: அதோடு ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கிக் காலையும் இரவும் குறித்து வையுங்க. 22 டிகிரியில் 85 சதவீதம் காட்டினால், சுவர் 19 டிகிரிக்கு இறங்கினாலே வேர்க்கும். துணியை உள்ளேயா காயப்போடுறீங்க?

கேட்டவர்: ஆமாங்க, இந்த மழையில் வேறெங்கே போடுவது! தாள் ஒட்டினேன், வெளிப்பக்கம்தான் நனைந்தது. பீரோவை ஒரு சாண் தள்ளிப் போட்டாச்சு.