147 வோல்ட்டில் சுருள் பல்பு (சி.எஃப்.எல்.) எரியுமா எரியாதா

தன்லின் வயர்மேன்:
சூரத்தி பஜார் நேத்து எழுதினதைப் படிச்சதிலிருந்து வயிறு எரியுது. "சுருள் பல்பு 170 வோல்ட்டுக்குக் கீழ எரியவே எரியாது, இத்தனை வருசம் ஜனங்களை ஏமாத்தினாங்க, வீட்டுல மிச்சம் இருந்தா கழட்டி வீசுங்க." இதுதான் அவர் எழுதினது. எரியவே எரியாதாமே! 34 வருசமா பர்மாவுல யாங்கோன் பக்கத்துத் தன்லின்ல வீடு வீடா ஏணி போட்டு ஏறினவன் நான். நர்கீஸ் புயல் அடிச்ச 2008-க்கு அப்புறம் 230 வோல்ட் இருக்க வேண்டிய எங்க தெருவுல ராத்திரி ஏழு மணிக்கு மீட்டர் வச்சா 147. வேற யாரோ சொல்லிக் கேட்டது இல்ல, என் கையால வச்சுப் பார்த்தது. அந்த 147-ல எங்க வீட்டுக் கூடத்துல 14 வாட் சுருள் பல்பு எரிஞ்சுது. என் பொண்ணு அந்த வெளிச்சத்துலதான் பத்தாவது படிச்சுப் பாஸ் பண்ணா. எரியாத பல்புக்குக் கீழ உக்காந்தா படிச்சா?

சூரத்தி பஜார்:
அண்ணே, 147-ல எரிஞ்சுதுன்னா உங்க மீட்டர் பேட்டரி செத்துப் போயிருக்கும். யாங்கோன் தெயிஞ்சி ஜே சந்தையில 19 வருசமா கடை வச்சிருக்கேன். சுருள் பல்பை வாங்கிட்டுப் போனவங்க மறுவாரமே தூக்கிட்டு வந்து "எரியல"ன்னு சண்டை போட்டது என்கிட்டதான், உங்ககிட்ட இல்ல. நீங்க மாட்டி விட்டுட்டுக் கூலியை வாங்கிட்டுப் போயிடுவீங்க.

தன்லின் வயர்மேன்:
பேட்டரி இறங்கின டிஜிட்டல் மீட்டர் கூட்டித்தான் காட்டும், குறைச்சுக் காட்டாது. 19 வருசம் மீட்டர் வித்தவருக்கு இது தெரிய வேண்டாமா? நீங்க சொல்ற மாதிரி பேட்டரி செத்திருந்தா கரண்டு 147-க்கும் கீழ இருந்திருக்கணும். அப்பவும் பல்பு எரிஞ்சுது.

கணக்கு வாத்தி:
ஒரு விசயம் தெளிவாகட்டும். எரியும்னு நீங்க சொல்றது ஏற்கெனவே எரிஞ்சிட்டிருக்கிற பல்பா, அணைஞ்சு கிடந்து புதுசா பத்த வைக்கிற பல்பா? சுருள் பல்பு மாதிரி வாயு விளக்கு எதுவா இருந்தாலும் பத்திக்கத்தான் அதிக வோல்ட் வேணும், பத்தினதுக்கப்புறம் குறைஞ்சாலும் தாங்கும். ரெண்டு பேரும் வேற வேற விசயத்தைச் சொல்றீங்களோன்னு தோணுது.

சூரத்தி பஜார்:
வாத்தியாரே, ஜனங்க சுவிட்சைப் போட்டா எரியணும். அவ்வளவுதான். 147-ல எரியாது.

தன்லின் வயர்மேன்:
147-ல எரிஞ்சுது.

பேகு பெரியப்பா:
எதுக்குப்பா இந்த வம்பு? குண்டு பல்பு 147-லயும் எரியும், 100-லயும் எரியும். எங்க சாமி அறையில 60 வாட் குண்டு பல்பு 11 வருசமா எரியுது. எந்தச் சுருளுக்கும் அந்த ஆயுசு கிடையாது. லோபித்தா நீர்மின் கரண்டு வந்த நாள்லேர்ந்து எங்க அப்பா காலம் வரைக்கும் குண்டு பல்புதான், யாருக்கும் கண்ணு போகல.

இன்சின் பையன்:
பெரியப்பா, அந்தப் பல்பு 11 வருசம் ஓடினதுக்குக் காரணமே உங்க ஊர்ல வோல்டேஜ் இல்லாததுதான். குண்டு பல்புக்குள்ள இருக்கிற கம்பி சூட்டுலதான் தேயும். வோல்ட் கொஞ்சம் இறங்கினாலே ஆயுசு மடங்கு மடங்கா ஏறும், ஆனா வெளிச்சமும் வேகமாச் செத்துடும். 230 வோல்ட் பல்பை 180-ல எரிச்சா வெளிச்சம் பாதிக்கும் கீழ, ஆனா 40 வாட் இழுக்கும். 147-க்கு வந்தா வெளிச்சம் அஞ்சுல ஒரு பங்குதான், அப்பவும் 30 வாட் கிட்ட இழுக்கும். சாமி அறைக்கு அது சரி. படிக்கிற பிள்ளைக்குச் சரிப்படாது.

பேகு பெரியப்பா:
சாமிக்கு மங்கல் போதும்னு சொல்ல நீ யாருப்பா? பாலிடெக்னிக்ல மரியாதை சொல்லிக் குடுக்க மாட்டாங்களா?

இன்சின் பையன்:
சாமியை நான் எதுவும் சொல்லல, பல்பைச் சொன்னேன்.

தன்லின் வயர்மேன்:
தம்பி போட்ட கணக்கு சரி. இதோட காசுக் கணக்கையும் சேர்த்துப் பாருங்க. 2019 ஜூலையில கட்டணம் ஏத்தினப்ப முதல் 30 யூனிட்டுக்கு யூனிட் 35 கியாட், படி ஏற ஏற 200 யூனிட்டுக்கு மேல 125 கியாட். ஆறு குண்டு பல்பு, 60 வாட், தினம் 5 மணி நேரம் எரிச்சா மாசம் 54 யூனிட். அதே ஆறு இடத்துல 14 வாட் சுருள் மாட்டினா 13 யூனிட் கூட வராது. விளக்குல மட்டும் 41 யூனிட் மிச்சம். அந்தக் காலத்துல எத்தனையோ வீட்டுக்கு இது படி இறங்கினதுக்குச் சமம். அந்தக் காசு அப்படியே வீட்டுக்குள்ள நின்னுது. இதையெல்லாம் மறந்துட்டு "ஏமாத்தினாங்க"ன்னா என்ன அர்த்தம்? யாரு ஏமாந்தா? என்கிட்ட வாங்கினவங்க ஏமாறல.

சூரத்தி பஜார்:
6000 மணி நேரம்னு அட்டையில போட்டிருப்பான். தினம் 5 மணி நேரம்னா மூணு வருசத்துக்கு மேல வரணும். எத்தனை பேர் வீட்டுல மூணு வருசம் ஓடுச்சு? கையைத் தூக்குங்க பார்ப்போம்.

தன்லின் வயர்மேன்:
கக்கூசுல மாட்டினா ஓடாது! நூறு தடவை சொல்லியிருக்கேன். கம்பெனிக்காரன் மணிக் கணக்கு எடுக்கும்போது 2 மணி 45 நிமிசம் எரிய விட்டு 15 நிமிசம் அணைச்சு வைப்பான். நம்ம வீட்டுக் கக்கூசுல ஒரு நிமிசம் போடுறோம், அணைக்கிறோம், ஒரு நாளைக்கு நாப்பது தடவை. ஒவ்வொரு தடவை பத்தும்போதும் குழாயோட ரெண்டு நுனியிலயும் பூசியிருக்கிற மருந்து கொஞ்சம் கொஞ்சமா உதிரும். அதான் நுனி கருக்குது. அடுத்தது சூடு. மூடின கண்ணாடிக் குடத்துக்குள்ள தலைகீழா மாட்டினா சூடெல்லாம் மேல ஏறி அடிக்கட்டையில இருக்கிற கப்பாசிட்டரை வறுத்துடும். கப்பாசிட்டர் காய்ஞ்சா பல்பு போச்சு, குழாய் நல்லாத்தான் இருக்கும். அப்படிப் போன பல்பை நான் அடிக்கட்டையைப் பிரிச்சு, கப்பாசிட்டர் மாத்தி, திரும்ப எரிய விட்டுக் குடுத்திருக்கேன். கூடம், அடுப்படி, படிக்கிற மேசை, ஒருதடவை போட்டா ராத்திரி வரைக்கும் எரியுற இடம் எதுவோ அங்க மாட்டுங்கன்னு ஜனங்களுக்குச் சொன்னது நான். கடையில எவன் சொன்னான்?

மோல்மேன் மகள்:
அண்ணன்மாரே, நடுவுல பேசுறதுக்கு மன்னிக்கணும். போன மாசம் படுக்கையறையில ஒரு சுருள் பல்பு கீழ விழுந்து உடைஞ்சுது. நான் துடைப்பத்தால கூட்டி அள்ளிட்டேன். பக்கத்துல என் பையன், ரெண்டு வயசு. அதுல பாதரசம் இருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அன்னிலேர்ந்து மனசு ஆறல. யாராவது ஒழுங்காச் சொல்லுங்க.

சூரத்தி பஜார்:
பார்த்தீங்களா! இதைத்தான் சொன்னேன். விசத்தை வீட்டுக்குள்ள தொங்க விட்டிருக்காங்க.

தன்லின் வயர்மேன்:
அம்மா, பயப்படாதீங்க. ஒரு பல்புல இருக்கிறது நாலஞ்சு மில்லிகிராம். பழைய காய்ச்சல் மானி ஒண்ணுல 500 மில்லிகிராமுக்கு மேல இருக்கும், அதையே வாயில வச்சுப் பார்த்தவங்க நாம. ஆனா துடைப்பம் தப்பு, அது தூளைக் கிளப்பி விடும். இனிமே உடைஞ்சா முதல்ல பிள்ளையை வெளியே கொண்டு போங்க. ஜன்னல் கதவைத் திறந்து, ஃபேனை அணைச்சு, ஒரு பத்து நிமிசமாவது அறையை அப்படியே விடுங்க. அப்புறம் கெட்டி அட்டையால அள்ளி, பசை டேப்பால தூளை ஒத்தி எடுத்து, ஈரத் துணியால துடைச்சு, எல்லாத்தையும் மூடி போட்ட பாட்டில்ல போட்டு வெளியே வையுங்க. ஒரு தடவை நடந்ததுக்கு இத்தனை நாள் தவிக்க வேண்டாம்.

பேகு பெரியப்பா:
பாதரசம்னா எல்லாரும் ஏன் அலறுறீங்க? சித்தர்கள் ரசமணி கட்டிக் கழுத்துல போட்டிருக்காங்க.

இன்சின் பையன்:
பெரியப்பா, அது கட்டின ரசம்னு அவங்களே சொல்றாங்க. பல்புக்குள்ள இருக்கிறது ஆவி. மூச்சுல போறது வேற. ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க.

பேகு பெரியப்பா:
சாமி அறையை மங்கல்னான், இப்ப சித்தர்களையும் விட்டு வைக்கல.

சூரத்தி பஜார்:
பாதரசத்துக்காகத்தானே உலக நாடுகள் மினமாட்டா ஒப்பந்தத்துக்குக் கீழ 2022-ல பாலியில கூடி முடிவெடுத்தாங்க? 30 வாட் வரைக்கும் உள்ள சுருள் பல்பைத் தயாரிக்கிறது, ஏத்துமதி, இறக்குமதி எல்லாம் 2025-ஓட முடியணும்னு. உலகமே கைவிட்ட சாமானை வயர்மேன் அண்ணன் மட்டும் மடியில வச்சுத் தாலாட்டுறார். எல்.இ.டி. மாட்டுங்க. பாதரசம் இல்ல, போட்டவுடனே முழு வெளிச்சம், 100 வோல்ட்லயும் எரியும்.

தன்லின் வயர்மேன்:
முடிவு பாதரசத்துக்காக எடுத்தது, சரி, நானும் ஒத்துக்கிறேன். 147-ல எரியாதுன்னு எந்த ஊர்லயும் யாரும் முடிவெடுக்கல. அதை எழுதினது நீங்க ஒருத்தர்தான். எல்.இ.டி. 100 வோல்ட்லயும் எரியுமா? உள்ள கரண்டைச் சீராக் குடுக்கிற நல்ல டிரைவர் சர்க்யூட் இருந்தா எரியும். உங்க கடை வாசல்ல கூடையில குமிச்சு வச்சிருக்கீங்களே, அதுக்குள்ள ஒரு கப்பாசிட்டரும் நாலு டயோடும்தான். வோல்ட் இறங்க இறங்க அதுவும் மங்கும், அப்புறம் மூணு மாசத்துல மினுக்க ஆரம்பிக்கும். பிரிச்சுப் பார்த்தவன் சொல்றேன்.

சூரத்தி பஜார்:
என் கடைச் சரக்கைப் பத்திப் பேச உங்களுக்கு என்ன யோக்கியதை? நேராவே கேக்குறேன். இந்தக் கோபம் பல்பு மேலயா, தீமிதிப் பந்தல் விளக்கு வேலை என்கிட்ட வந்ததாலயா?

தன்லின் வயர்மேன்:
நீங்களே எடுத்தீங்க, நான் எடுக்கல. 15 வருசம் அந்தப் பந்தலுக்குக் கூலி வாங்காம விளக்குக் கட்டினவன் நான். ஒரு வருசம் உங்ககிட்ட குடுத்தாங்க. பூங்கரகம் இறங்குற நேரத்துல மேற்குப் பக்கம் பூரா அணைஞ்சுது. அன்னிக்கு எரிஞ்சது எது? அன்னதானக் கொட்டகையில நான் முன்னாடி மாட்டி வச்ச நாலு சுருள் பல்பு.

சூரத்தி பஜார்:
அது ஜெனரேட்டர் கோளாறு! ஊருக்கே தெரியும்.

கணக்கு வாத்தி:
ஜெனரேட்டரா இருந்தா அங்க எத்தனை வோல்ட்? யாராவது பார்த்தீங்களா? நான் முன்னாடி கேட்டதுக்கும் பதில் வரல. பத்த வைக்கிறதா, எரிஞ்சிட்டிருக்கிறதா?

தன்லின் வயர்மேன்:
வாத்தியாரே, எங்க தெருவுல அப்ப கரண்டு போய்ப் போய்த்தான் வரும். வந்தவுடனே பிள்ளைங்க எல்லாம் "மீ லாப்பி"ன்னு, கரண்டு வந்துடுச்சுன்னு பர்மிய மொழியில கத்தும். அந்தச் சத்தம் அடங்குறதுக்குள்ள என் சுருள் பல்பு ரெண்டு தடவை சிமிட்டிட்டுப் பத்திக்கும். இதுக்கு மேல என்ன சொல்லணும்?

சூரத்தி பஜார்:
கரண்டு வந்தவுடனே தெருவுல பாதி வீடு இன்னும் சுவிட்ச் போட்டிருக்காது, அப்ப 190 இருக்கும். அதுல பத்தினதை 147-ல எரிஞ்சுதுன்னு கதை விடுறார்.

தன்லின் வயர்மேன்:
நேத்து "எரியவே எரியாது"ன்னீங்க. இப்ப பத்தினதுன்னு உங்க வாயாலயே வந்துடுச்சு.

சூரத்தி பஜார்:
190-ல பத்தினதுன்னு சொன்னேன்! படிக்கத் தெரியுமா, தெரியாதா?

மோல்மேன் மகள்:
அந்தப் பாட்டிலை எங்க கொண்டு போய்ப் போடறதுன்னு யாரும் சொல்லலையே.

இன்சின் பையன்:
அக்கா, இப்போதைக்கு இறுக்கமா மூடி, பிள்ளை கை எட்டாத இடமா வெளியே வையுங்க. சமையல் குப்பையோட சேர்த்து எரிக்க மட்டும் எரிச்சிடாதீங்க, ஆவி அப்பத்தான் கிளம்பும்.

பேகு பெரியப்பா:
எங்க வீட்டுக் குண்டு பல்பு உடைஞ்சா வெறும் கண்ணாடிதான். அள்ளிப் போட்டா முடிஞ்சுது.

தன்லின் வயர்மேன்:
சூரத்தி பஜார், எனக்குப் படிக்கத் தெரியும். நீங்க எழுதினது "170-க்குக் கீழ எரியவே எரியாது." அதை அழிக்காம அப்படியே வையுங்க. ஞாயித்துக்கிழமை என் மீட்டர், என் பல்பு, வோல்ட் ஏத்தி இறக்குற பெட்டி எல்லாத்தையும் தூக்கிட்டு உங்க கடைக்கே வர்றேன். புது பேட்டரி உங்க கடையிலயே காசு குடுத்து வாங்கிப் போடுறேன்.

சூரத்தி பஜார்:
ஞாயித்துக்கிழமை கடை லீவு. வர்றதா இருந்தா பந்தல் கம்பியில இருந்த என் வயர் சுருள் ரெண்டு உங்க வீட்டுக்குப் போச்சே, அதையும் கையோட கொண்டு வாங்க.

தன்லின் வயர்மேன்:
எந்த வயர்? அது கோயில் வயர்! திங்கக்கிழமை வர்றேன்.